மெட்டல் டிடெக்டர் வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு

வயல்ல எடுத்த காசு, பொத்தான்னு நான் போட்டோ போட ஆரம்பிச்சதுல இருந்து மெசேஜ்ல வர்ற மொத கேள்வியே எந்த மெஷின் வாங்கலாம், எவ்ளோ ஆகும்ங்குறதுதான். மெஷின் பத்தி கீழ சொல்றேன். ஆனா இங்கிலாந்துல இத ஆரம்பிக்கணும்னா நீங்க மொதல்ல தேட வேண்டியது மெஷின் இல்லீங்க, உங்கள நம்பி தன்னோட வயலுக்குள்ள விடுற ஒரு விவசாயி. அவர் கெடச்சிட்டார்னா சாதாரண மெஷின வச்சே வருஷக்கணக்கா சந்தோஷமா சுத்தலாம், அவர் இல்லன்னா ஆயிரம் பவுண்ட் மெஷினும் வீட்டு கராஜ்லதான் கெடக்கும்.

இங்க யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு ஒண்ணு கெடையாது. நடைபாதையா விட்டிருக்குற வயல் ஓரம், காமன்னு சொல்ற பொதுப் புல்வெளி, பார்க், காடு, எல்லாத்துக்கும் ஒரு ஓனர் இருக்காங்க, அவங்க அனுமதி இல்லாம மெஷின ஆன் பண்ணக்கூடாது. வழியில நடந்து போற உரிமை இருக்குங்குறதுக்காகத் தோண்ட உரிமை வந்துடாது. அப்புறம் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்கள், அதாவது ஷெட்யூல்டு மான்யுமெண்ட்ஸ், அங்க நிலத்துக்காரரே சரின்னு சொன்னாக்கூட அரசாங்க சம்மதம் எழுத்துல இல்லாம டிடெக்டர் பயன்படுத்துறதே குற்றம், இங்கிலாந்துல 1979 சட்டம் அப்படித்தான் சொல்லுது. அதனால விவசாயி தலையாட்டுனதும் ஓடிப்போகாம, அவர் நிலத்துக்குள்ள அப்படி ஏதாவது இருக்கான்னு மேப்ல பாத்துடுங்க, ஆன்லைன்ல இலவசமாவே பாக்கலாம். நான் சொல்றது இங்கிலாந்து, வேல்ஸுக்குத்தான். ஸ்காட்லாந்துல கெடைக்கிற பழம்பொருளுக்கு அரசுதான் உரிமை கோரும், வட அயர்லாந்துல பழம்பொருள் தேடித் தோண்டுறதுக்கே லைசென்ஸ் வேணும்.

நான் இருக்குறது நார்ஃபோக். சுத்தி பார்லி, கோதுமை, சுகர் பீட் வயல்தான், ட்ரெஷர், அதாவது புதையல், அதிகமா ரிப்போர்ட் ஆகுற மாவட்டங்கள்ல இதுவும் ஒண்ணு. இங்க விவசாயிங்க கிட்ட பர்மிஷன் கேக்குறதுன்னா ஈமெயில் அனுப்பிட்டு உக்காந்திருக்குற வேலை இல்ல, நேர்ல போய் கதவத் தட்டணும். அதுவும் அறுவடை நடக்குற நேரத்துல போகாதீங்க, ஆடு குட்டி போடுற மார்ச் ஏப்ரல்லயும் வேணாம், அந்த மாசங்கள்ல அவங்களுக்குத் தூக்கமே கெடையாது. அவங்களோட பயம் எல்லாம் ரொம்ப நியாயமான பயம். கேட்டத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டா மாடு ரோட்டுக்கு வந்துடும், குழிய மூடாம விட்டா ஆட்டுக்கு கால் ஒடையும், பொருள் கெடச்சா சொல்லாம எடுத்துட்டுப் போயிடுவாங்களோன்னு ஒரு சந்தேகம். இந்த மூணுக்கும் நாமளே முந்திக்கிட்டு பதில் சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது. நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங்ல மெம்பர் ஆனா இன்ஷூரன்ஸும் சேந்து வரும், அந்தக் கார்டக் காட்டுங்க. கெடைக்கிறது பாதிக்குப் பாதின்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்குங்க, நல்லாப் பழகுனவரா இருந்தாலும் போட்டுக்குங்க, பின்னாடி ஒரு தங்கக் காசு வந்தா நட்ப காப்பாத்துறது அந்தப் பேப்பர்தான். முக்கியமா, டிராக்டர்ல இருந்து விழுந்த பின்னு, தொலஞ்ச சாவி ஏதாவது இருந்தா தேடித் தரேன்னு சொல்லுங்க, அதுக்கு மயங்காத விவசாயிய நான் பாத்ததில்ல.

சரி, மெஷின். 200ல இருந்து 300 பவுண்டுக்குள்ள போதும். டர்க்கியில பண்ற நோக்டா, ஆஸ்திரேலியா மைன்லேப், அமெரிக்கால டெக்சாஸ் காரங்களோட காரெட், இந்த மூணுலயும் ஆரம்பிக்கிறவங்களுக்குன்னே மாடல் இருக்கு. அதுக்கு மேல காசு இருந்தா பெரிய மெஷினுக்குப் போகாம பின்பாய்ண்டர் வாங்குங்க, கேரட் மாதிரி கைல பிடிக்கிற சின்ன டிடெக்டர் அது. தோண்டுன குழிக்குள்ள எந்தப் பக்கத்து மண்ணுல பொருள் இருக்குன்னு அது காட்டிடும், இல்லன்னா ஈர மண்ணப் பெசஞ்சுக்கிட்டே அரை மணி நேரம் போயிடும். அப்புறம் ஒரு நல்ல ஸ்பேட், ஹெட்ஃபோன், குப்பை போட ஒரு பை. அவ்ளோதான்.

அது வேலை செய்ற விதம் தெரிஞ்சா காது சீக்கிரம் பழகும். மெஷினோட கீழ்முனையில இருக்குற வட்டமான காயில்ல இருந்து மாறி மாறி ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள்ள போகுது, அங்க உலோகம் இருந்தா அதுக்குள்ள சின்னதா கரண்ட் சுத்த ஆரம்பிக்கும், அந்தக் கரண்ட் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தத் திருப்பி அனுப்பும், அது எவ்ளோ தாமதமா வருதுங்குறத வச்சுத்தான் மெஷின் இது வெள்ளியா இரும்பான்னு ஊகிச்சு ஒரு நம்பர் காட்டுது. ஊகம்தான், நிச்சயம் கெடையாது. நல்ல கனமான வெள்ளிக் காசு மேல போனா எந்தப் பக்கம் இருந்து ஆட்டுனாலும் ஒரே மாதிரி உருண்டையான சத்தம் வரும், இரும்பு ஆணின்னா கரகரன்னு ஒடஞ்சு ஒடஞ்சு வரும், நாம சுத்தி வந்து வேற பக்கம் நின்னு ஆட்டுனா சத்தமே மாறிடும். பிரச்சனை என்னன்னா தங்க மோதிரமும் கோக் டின் மூடியோட வளையமும் சிகரெட் பாக்கெட்டோட ஃபாயிலும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்லதான் நிக்கும். குப்பை வேணாம்னு அந்த நம்பருக்குச் சத்தம் வராம அடைச்சு வச்சா தங்கத்தையும் சேத்து அடைக்கிறீங்க. வீட்டுப் புல்தரையில ஒரு ஆணி, ஒரு வளையம், ஒரு பழைய வெள்ளிக் காசு, ஒரு மோதிரம் பரப்பி வச்சு கண்ண மூடிக்கிட்டு கேட்டுப் பழகுங்க, ஒரு சாயங்காலம் அதுக்குன்னே செலவு பண்ணலாம். வயல்ல போனதும் வேகமா வீசாதீங்க, காயில் மண்ண ஒட்டி, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல, போன வழியில பாதிய மறுபடி தொட்டு மெதுவா வரணும்.

என்ன கெடைக்கும்? பொத்தான், ஈயக் குண்டு, ஷூ பக்கிள், ஆட்டு மாட்டுக் கழுத்துல கட்டுன சலங்கை, ஜார்ஜ் ராஜா காலத்துத் தேஞ்ச செம்புக் காசு, அப்புறம் ஏராளமான அலுமினியம். இந்த அலுமினியம் பத்தி எனக்கு நெஜமாவே வருத்தம். கிரீன் வேஸ்ட்னு சொல்லி தோட்டக் கழிவ உரமாக்கி வயல்ல கொட்டுறாங்க, அதுல சேந்து அரைபட்ட டின் துண்டுங்க லட்சக்கணக்குல மண்ணுக்குள்ள போகுது, ஆயிரம் வருஷம் பொருள்கள பத்திரமா வச்சிருந்த ஒரு வயல் ஒரே சீசன்ல தேட முடியாததா ஆயிடுது.

இந்த ஹாபி என்னப் புடிச்சுக்கிட்டது ஒரு பாதிக் காசால. ஃபாயில்னு நெனைக்க வைக்கிற மெலிஞ்ச சிக்னல், அஞ்சு இன்ச் கூட ஆழம் இல்ல. கைல எடுத்தா நகத்துண்டு மாதிரி லேசா, வளைஞ்ச ஓரம் ஒண்ணு, நேரா வெட்டுன ஓரம் ஒண்ணு. ஒடஞ்சது இல்ல, வெட்டுனது. 13ஆம் நூற்றாண்டுல இங்க சில்லறைக்கு வேற காசு கெடையாது, பென்னி மட்டும்தான், அரை பென்னி வேணும்னா காச ரெண்டா வெட்டுவாங்க, கால் வேணும்னா நாலா. 1247ல மூணாம் ஹென்றி அடிச்ச காசுல பின்பக்கம் இருக்குற சிலுவை ஓரம் வரைக்கும் நீளும், ரெட்டைக் கோட்டுச் சிலுவை, அந்தக் கோட்டு வழியாவே கத்திரிச்சுக்கலாம். 1279ல இருந்து மொதலாம் எட்வர்ட் வட்டமான அரை பென்னி, கால் பென்னி தனியா அடிக்க ஆரம்பிச்சதும் இந்த வெட்டு வேலை தேவையில்லாமப் போச்சு. அப்ப அந்தச் சிலுவையோட என் கைல இருந்த துண்டு அந்த முப்பது சொச்ச வருஷத்துல அடிச்சது. பின்பக்கம் காசு அடிச்சவர் பேரும் ஊர் பேரும் இருக்கும், இதுல லண்டனக் குறிக்கிற எழுத்துங்க பாதியில அறுந்து நிக்குது. மார்க்கெட்ல இதுக்குப் பெரிய வெலை எல்லாம் இல்ல. யாரோ ஒருத்தர் சில்லறை வாங்குன மீதிப் பாதி வேற எந்த வயல்ல கெடக்கோன்னு நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

இப்படி ஒண்ணு கெடச்சா அங்கேயே துணில வச்சுத் தேய்க்காதீங்க, மண்ணுல இருக்குற மணல் வெள்ளியக் கீறிடும். சின்ன டப்பால போட்டு, எந்த இடம்னு போன்ல கிரிட் ரெஃபரன்ஸ், அதாவது மேப்ல இடத்தக் குறிக்கிற நம்பர், எடுத்து எழுதுங்க. நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான்: பொருள் பாதி, அது கெடந்த இடம் மீதிப் பாதி. இங்க மாவட்டத்துக்கு மாவட்டம் ஃபைண்ட்ஸ் லயசன் ஆபீசர்னு ஒரு தொல்லியல் ஆள் இருப்பாங்க, பிரிட்டிஷ் மியூசியம் இங்கிலாந்துல நடத்துற போர்ட்டபிள் ஆண்டிக்விட்டீஸ் ஸ்கீம்ங்குற பழம்பொருள் பதிவுத் திட்டத்துக்காக வேலை பண்றவங்க அவங்க, அது 1997ல ஆரம்பிச்சது. 300 வருஷத்துக்கு மேல பழசா இருந்தா அவங்ககிட்ட காட்டுனா போட்டோ எடுத்து, அளந்து, டேட்டாபேஸ்ல ஏத்தி, பொருள நம்மகிட்டயே திருப்பிக் குடுப்பாங்க. ட்ரெஷர்னு சட்டம் சொல்றது வேற. 1996 சட்டப்படி, 300 வருஷத்துக்கு மேல பழசான, பத்துல ஒரு பங்காவது தங்கம் வெள்ளி கலந்த பொருள் (தனிக் காசு இதுல வராது), இல்ல ஒரே இடத்துல ரெண்டோ அதுக்கு மேலயோ அப்படிப்பட்ட காசு கெடச்சா 14 நாளுக்குள்ள சொல்லியே ஆகணும். 2023ல இருந்து இன்னும் சில முக்கியமான பொருள்களையும் இதுல சேத்திருக்காங்க. மியூசியம் எடுத்துக்கிட்டா மதிப்பப் போட்டு பணம் குடுப்பாங்க, வழக்கமா எடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி.

இத எப்படிப் பண்ணணும்னு காட்டுனவர் எரிக் லாஸ். 1992 நவம்பர், பக்கத்து மாவட்டம் சஃபோக்ல ஹாக்ஸன்ங்குற ஊரு, விவசாயி தன் சுத்தியலத் தொலச்சுட்டார்னு தேடிக் குடுக்கப் போனவருக்கு ரோமானியத் தங்கமும் வெள்ளி ஸ்பூனும் வந்துருக்கு. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திட்டார். முழுக்கத் தோண்டாம தகவல் சொல்லிட்டார். தொல்லியல்காரங்க மறுநாளே வந்து முறையாத் தோண்டுனதுனாலதான் அது ஒரு மரப்பெட்டிக்குள்ள எப்படி அடுக்கி வச்சிருந்துச்சுங்குற வரைக்கும் தெரிஞ்சுது. 14,865 காசு, நகையும் பாத்திரமுமா சுமார் 200 பொருள். சுத்தியலும் கெடச்சுது, அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துலதான் இருக்கு. அந்தப் புதையல்ல வெள்ளில ஒரு பொம்பள உருவம் இருக்கு, சுமார் பத்து சென்டிமீட்டர் உயரம்தான், அது மிளகுப் பொடி போட்டு வைக்கிற சிமிழ். ரோமானியங்களுக்கு மிளகு போனது முசிறி மாதிரி மேற்குக் கரைத் துறைமுகங்கள்ல இருந்து. சஃபோக் மண்ணுக்குள்ள நம்ம பக்கத்து மிளகுக்குன்னு ஒரு வெள்ளிச் சிமிழ். அத மொத தடவை கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்தப்ப எனக்கு அந்த இடத்த விட்டு நகரவே தோணல.

இதுக்கு நேர் எதிர் 2015ல லெம்ஸ்டர் பக்கம் நடந்தது. வைக்கிங் காலத்துப் புதையல், சுமார் 300 காசு இருந்திருக்கும்னு நம்புறாங்க, கண்டுபிடிச்ச டிடெக்டர்காரங்க சொல்லாம மறைச்சு வித்துட்டாங்க. 2019ல ஜெயிலுக்குப் போனாங்க, காசுல பெரும்பகுதி சிதறிப்போச்சு. மீட்ட கொஞ்சத்துலயே வெசெக்ஸ் ஆல்ஃப்ரட் ராஜாவும் அப்ப நடு இங்கிலாந்துல தனி நாடா இருந்த மெர்சியாவோட ராஜா ரெண்டாம் கியோல்வுல்ஃபும் பக்கத்துல பக்கத்துல இருக்குற காசு இருந்துச்சு, ரெண்டு பேரும் கூட்டாளிங்களா இருந்தாங்கன்னு வரலாற மாத்தி எழுத வைக்கிற காசு. மீதி என்ன சொல்லியிருக்கும்? எனக்கு இத நெனச்சா இன்னும் கோவம் வருது.

நார்ஃபோக் பக்கம் ரெண்டாம் உலகப்போர் விமானத்தளம் நெறைய, அதனால வெடிகுண்டு மாதிரி எதப் பாத்தாலும் தொடாதீங்க, இடத்தக் குறிச்சுக்கிட்டு தள்ளிப் போய் 999க்கு அடிங்க. யாழ்ப்பாணத்துல இருந்து வந்த நண்பர் ஒருத்தர்கிட்ட முதல்ல இந்த மெஷினக் காட்டுனப்ப, "அண்ணை, உது கண்ணிவெடி எடுக்கிற சாமான் எல்லோ"ன்னார். உண்மைதான். கைல எடுத்துட்டுப் போற கண்ணிவெடி டிடெக்டர 1941ல வடிவமைச்சவர் போலந்து ராணுவத்து யோசெஃப் கொசாட்ஸ்கி, நம்ம ஹாபி மெஷினும் அந்தக் குடும்பம்தான். இலங்கையோட வடக்குல முகமாலையில இதே மாதிரி ஒரு சத்தத்தக் கேட்டுக்கிட்டு இன்ச் இன்ச்சா நகர்ந்து மண்ண மீட்ட ஆளுங்க எவ்ளோ பெரிய வேலை பண்ணியிருக்காங்கன்னு வயல்ல நிக்கிறப்ப அடிக்கடி தோணும்.

சேலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், அண்ணா நம்ம ஊர்ல இத ஆரம்பிக்கலாமான்னு. வேணாம் தம்பி. 1878 புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுக்குள்ள கெடைக்கிறது பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னாலே கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும், பழம்பொருளுக்கு 1972 சட்டம் தனியா இருக்கு, இங்க மாதிரி ஹாபிக்காரங்க கொண்டுபோய் பதிவு பண்ற ஏற்பாடு அங்க இல்ல. 1898ல புதுக்கோட்டை பக்கம் 501 ரோமானியத் தங்கக் காசு கெடச்சுது, பெரும்பாலானதுல ராஜா மூஞ்சிய உளியால வெட்டி வச்சிருந்தாங்க, ஏன் வெட்டுனாங்கன்னு இன்னைக்கும் பேசிக்கிட்டிருக்காங்க. அந்த மாதிரி ஒண்ணு கெணறு வெட்டுறப்பவோ வீட்டுக்கு அஸ்திவாரம் எடுக்குறப்பவோ வந்தா விஏஓ, தாசில்தார் வழியா சொல்லிடுங்க, கழுவாம, பங்கு பிரிக்காம, கெடச்ச இடத்தக் கலைக்காம.

இங்க இருக்குறவங்களுக்கு: ஆகஸ்ட் கடைசில அறுவடை முடிஞ்சு பயிரோட அடித்தாள் மட்டும் நிக்கும், அடுத்த விதைப்புக்கு முன்னாடி கெடைக்கிற அந்தச் சில வாரம்தான் நல்ல நேரம். உழுது உருளை ஓட்டுன வயலா இருந்தா இன்னும் நல்லது, காயில மண்ண ஒட்டியே ஓட்டலாம். அதுக்குள்ள தனியா பர்மிஷன் கெடைக்கலன்னா பக்கத்து கிளப்ல சேருங்க, ஞாயித்துக்கெழம அவங்க போற வயலுக்குக் கூடவே போகலாம், ரெண்டு மூணு மெஷின கைல வாங்கிப் பாத்துட்டு அப்புறமா காசு செலவு பண்ணுங்க.