மாலை ஐந்துக்கும் காலை ஆறுக்கும் நடுவில்

ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆபீஸ் வாசலில் ஒரு அம்மா ரேஷன் கார்டோடு வந்து நின்றால், வீட்டில் யாரையோ போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை. ரேஷன் கார்டு எதற்கு என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. அரசாங்கத்தோடு பேசப் போகிறோம், கையில் ஏதாவது இருக்கட்டும் என்பதுதான்.

2008இல் பாளையங்கோட்டையில் ஜூனியராகச் சேர்ந்தேன். வாதாடும் வாய்ப்பெல்லாம் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. முதல் சில வருஷங்கள் எனக்கு வாய்த்தது ஆள் தேடும் வேலை. எந்த ஸ்டேஷன், என்ன குற்ற எண், எந்தக் கோர்ட்டில் ரிமாண்ட் (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு), எந்த ஜெயில். இந்த நாலையும் கொண்டு வந்து கொடுத்தால்தான் சீனியர் ஜாமீன் மனு சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடிக்க ஆரம்பிப்பார்.

சட்டத்தைப் படித்துவிட்டு வந்தவனுக்கு இதில் தேட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கைது செய்தால் நேரம், தேதி போட்டு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். 12 மணி நேரத்துக்குள் போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போக வேண்டும், அங்கே பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். அப்புறம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே 41-சி என்று ஒரு பிரிவு சேர்த்து, கைதானவர் பெயர், முகவரி, கைது செய்த அதிகாரியின் பெயர், பதவி எல்லாம் பலகையில் இருக்க வேண்டும் என்றார்கள். 2010 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பலகையை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவு போட்டது. உள்ளே ரத்ததான முகாம் அறிவிப்பு ஒன்று, போலீஸ் விளையாட்டுப் போட்டி அறிவிப்பு ஒன்று, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியோடு கைதானவர் பட்டியல் ஒன்று. புதுப் பட்டியல் ஏன் இல்லை என்று கேட்டேன். சாவி வைத்திருப்பவர் லீவில் போயிருக்கிறாராம்.

எங்கள் குமாஸ்தா அண்ணனிடம் அதைச் சொன்னபோது சிரிக்கக்கூட இல்லை. "பலகையப் பாத்து யாரையும் கண்டுபிடிச்சதில்ல தம்பி. ஹைகிரவுண்டுக்குப் போங்க" என்றார். எங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை எல்லோரும் ஹைகிரவுண்டு என்றுதான் சொல்வார்கள். கைது செய்தவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். எந்த ஸ்டேஷன் மறைத்தாலும் அந்தப் படியை ஏறாமல் முடியாது. அண்ணன் சொன்ன இடம் அவசரப் பிரிவுக்கு எதிரே உள்ள டீக்கடை. இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் சட்டைப் பொத்தான் தப்பாகப் போட்ட ஒரு பையன் வந்தால் பெயரைக் கேள் என்றார். பொத்தான் விஷயம் அனுபவத்தில் வருவது. நான் அப்படி ஐந்தாறு பேரைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஆளைக் கண்டுபிடிப்பதைவிட முக்கியமான இன்னொன்றையும் அண்ணன்தான் கற்றுக்கொடுத்தார். தந்தி. ஆள் காணோம் என்று யாராவது வந்ததும் அவர் முதலில் போவது தந்தி ஆபீசுக்கு. கலெக்டருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று: 'இன்னாரை இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் போலீசார் பிடித்துச் சென்றனர், இருக்குமிடம் தெரியவில்லை.' தந்தியைப் பார்த்து யாரும் ஓடி வந்து விடுதலை செய்யப் போவதில்லை. ஆனால் ரசீதில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. அந்த 24 எப்போது தொடங்குகிறது என்பதை எழுதுவது போலீஸ். அவர்கள் எழுதுவதற்கு முன்னால் நாம் ஒரு நேரத்தை எங்காவது பதிந்து வைத்துவிட வேண்டும். 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தியபோது பத்திரிகைகள் கல்யாண வாழ்த்தையும் சாவுச் செய்தியையும் பற்றி உருகி உருகி எழுதின. அண்ணன் கவலைப்பட்டது அந்த ரசீதுக்கு.

2018இல் ஒரு நாள். எட்டரை மணி இருக்கும். ஒரு அம்மா படியேறி வந்தார். "எம்புள்ளய அஞ்சு மணிக்கே வண்டில ஏத்திட்டுப் போய்ட்டாங்க தம்பி. ரெண்டு பேரு, யூனிபாரம் இல்ல. எந்த டேசன்னு தெரியல."

அப்போதெல்லாம் இணையத்தில் முதல் தகவல் அறிக்கை பார்க்கலாம். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, பதிவாகி 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். இணையத் தொடர்பு சரியில்லாத இடங்களில் 48, ரொம்பத் தொலைவான இடமென்றால் 72 மணி நேரம். பாலியல் குற்றங்கள், போக்சோ, தீவிரவாத வழக்குகள் அதில் வராது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெயரையே வெளியிடக் கூடாது, கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் நேரில் போக வேண்டும். இந்தப் பையனுக்கு இருபத்திரண்டு.

தமிழ்நாடு போலீஸ் தளத்தைத் திறந்தேன். முதலில் மாவட்டம் கேட்கும். திருநெல்வேலி மாநகரம் வேறு, திருநெல்வேலி மாவட்டம் வேறு. ஒன்று கமிஷனர், இன்னொன்று எஸ்.பி. மாநகர எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்க முடியாது. (2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகு இந்தக் குழப்பம் இன்னொரு மடங்கு கூடியது. சங்கரன்கோவில்காரர் இன்றைக்கும் வாய் தவறி திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் சொல்வார்.) நாலு ஸ்டேஷன் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. இருக்காது என்று எனக்கே தெரியும். அறிக்கையை எழுதினால்தானே ஏற்றுவதற்கு. எழுதினாலும் பாதி அறிக்கைகளில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்றுதான் இருக்கும். கைது வேறு தாளில் நடக்கும்.

மூன்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். "இங்க அப்படி யாரும் இல்ல சார்." மூன்றிலும் ஒரே வாக்கியம், ஒரே ராகம். 9.40க்கு எஸ்.பி., கமிஷனர், கட்டுப்பாட்டு அறை மூவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த அம்மாவிடம் அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. பயிற்சி முகாம்களில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். 48 மணி நேரத்தில் எங்கள் ஆள் ஜெயிலில் இரண்டாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். அதனால் நான் அந்தப் பக்கம் போனதில்லை.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ஹைகிரவுண்டு டீக்கடையிலிருந்து அண்ணன் போன் செய்தார். ஐந்து மணிக்கு ரிமாண்ட். கைதுக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். அன்று காலை 6.00 மணி, பேருந்து நிறுத்தம் அருகே, போலீசைக் கண்டதும் ஓட முயன்றவரைச் சுற்றி வளைத்துப் பிடித்ததாக இருந்தது. இரண்டு சாட்சிகள். அதில் ஒரு பெயரை நான் முந்தின வருஷம் வேறொரு வழக்கிலும் பார்த்திருந்தேன். அதிகாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு வருவது அவருக்கு வழக்கம் போலிருக்கிறது.

9.40 மின்னஞ்சலை நீட்டினேன். ஆறு மணிக்குத்தான் பிடித்தார்கள் என்றால் முந்தின ராத்திரியே அந்தத் தாய்க்கு எப்படித் தெரிந்தது? மாஜிஸ்திரேட் அதை இரண்டு முறை படித்தார். பையனைக் கிட்டே வரச் சொன்னார். போலீஸ்காரர்களை வெளியே நிற்கச் சொன்னார். "எப்பப்பா கூட்டிட்டு வந்தாங்க?" பையன் பதில் சொல்லவில்லை. அவர் சட்டையை மேலே தூக்கச் சொன்னார். முதுகைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். ரிமாண்டைத் தடுக்க முடியவில்லை. ஆனால் மாலை ஐந்து மணி என்ற நேரம் அந்த உத்தரவில் ஏறியது. இரண்டு வருஷம் கழித்து சாத்தான்குளம் நடந்தபோது, 2020 ஜூன் 19 அன்று பிடிக்கப்பட்டு, ஸ்டேஷனில் அடிபட்டு, சில நாளில் இறந்துபோன அப்பாவையும் மகனையும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பிய அந்த ரிமாண்டைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்தச் சட்டையைத் தூக்கச் சொன்ன குரல்தான் ஞாபகம் வந்தது.

ஜெயில் கொஞ்சம் பரவாயில்லை. மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்ட வாரண்ட் இல்லாமல் கேட்டைத் தாண்டி யாரையும் உள்ளே எடுக்க மாட்டார்கள், எடுத்தால் பதிவேட்டில் ஏற்றாமல் இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் மத்திய சிறை ஒன்பது, கிளைச் சிறைகள் ஊர் ஊருக்கு. எங்கள் ஊரில் ஆண்கள் என்றால் பாளையங்கோட்டை. பெண்கள் என்றால் கொக்கிரகுளம். பெயர், அப்பா பெயர் சொன்னால் எண் கிடைக்கும். மனு போட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும், வக்காலத்தில், அதாவது வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில், ஜெயிலர் சான்றுக்கும் அது வேண்டும். அப்பா பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், அதுதான் சங்கதி. எங்கள் பக்கம் இசக்கிமுத்து தெருவுக்கு நாலு பேர். கோர்ட் வழக்குகளைப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடுவது அதைவிடக் கஷ்டம். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் ஒரு கிளார்க் 'இ'க்கு 'ஐ' எழுத்துப் போட்டிருப்பார், இன்னொருவர் 'ஈ' எழுத்து, மூன்றாமவர் நடுவில் இடம் விட்டு இரண்டு வார்த்தையாக. குற்ற எண்ணும் ஸ்டேஷனும் தெரிந்தால் அதை வைத்துத் தேடுங்கள், பெயரை நம்பாதீர்கள்.

பையனுக்குப் பன்னிரண்டு நாளில் ஜாமீன் கிடைத்தது. வழக்கு 2023 வரை இழுத்து, சாட்சிகள் வராமல் விடுதலை.

இடையில் 2024 ஜூலையில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்துவிட்டது. கைதானவர் பலகைக்கான 41-சி போய் இப்போது 37ஆவது பிரிவு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் இதற்கென்றே இருக்க வேண்டும், டிஜிட்டல் முறையிலும் காட்டலாம் என்கிறது. டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர் இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கே கவுண்டி ஷெரிப் அலுவலகத் தளத்தில் பெயரைத் தட்டினால் கைதானவர் படம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் வந்துவிடுமாம். கூடவே இன்னொன்றும் சொன்னார்: அந்தப் படங்களை எடுத்து வேறு தளத்தில் போட்டு, நீக்குவதற்குக் காசு கேட்கும் ஆட்களும் இருந்தார்களாம். பல மாநிலங்கள் அதற்குத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் அந்த அம்மா மறுபடி வந்தார். கூடவே பையன், மீசையெல்லாம் வைத்து அடையாளம் தெரியவில்லை. வளைகுடாவில் வெல்டர் வேலை கூடி வந்திருக்கிறது. ஏஜெண்ட் ஆபீசில் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். கோர்ட் தளத்தில் வழக்கு வந்து நிற்கிறது. கீழே முடிந்தது என்று போட்டிருப்பதை ஏஜெண்ட் படிக்கவில்லை, அல்லது படித்தும் வேண்டாம் என்றுவிட்டார்.

அழிக்க முடியுமா என்று பையன் கேட்டான். நேரான பதில் என்னிடம் இல்லை. விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இதையெல்லாம் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ராத்திரி இதே கம்ப்யூட்டர்லதான தம்பி தேடுனீங்க? அப்ப இல்லன்னுதான சொன்னீங்க?"

ஆமாம் என்றேன். விடுதலைத் தீர்ப்பின் சான்று நகலுக்கு விண்ணப்பம் எழுதினேன், ஏஜெண்டிடம் நேரில் காட்டலாம் என்று. வழக்கு எண்ணைக் கேட்டதும் அம்மா ரேஷன் கார்டைப் பிரித்தார். எட்டாக மடித்த அந்த 9.40 மின்னஞ்சல் உள்ளேயே இருந்தது.