நடுவில் இருந்த மேஜை

ஸ்டோர்ஸ் சாருக்கும் டிஸ்பாட்ச் மேடத்துக்கும் நடுவில் என் மேஜை. காலாண்டு முடிந்து ஸ்டாக் சரிபார்க்கும் சமயம். கிடங்கில் எண்ணியதைவிட கணினியில் 40 பெட்டி அதிகம் காட்டியது. “அனுப்பிட்டு என்ட்ரி போடாம விட்டிருக்கீங்க” என்று அவர் ஆரம்பித்தார். “ஒழுங்கா எண்ணாம என்மேல பழி போடறீங்களா?” என்று மேடம் எழுந்து நின்றார். கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்த ‘டிக் டிக்’ சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று மதியமே எனக்கு விடை கிடைத்துவிட்டது. திரும்பி வந்த சரக்குக்கான ஒரே ரிட்டர்ன் நோட் இரண்டு முறை ஏறியிருந்தது. சரியாக 40 பெட்டி. எழுந்துபோய்ச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டு நாள் சொல்லவில்லை.

அவர்கள் கெட்டுப்போக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் வேலைக்குக் கிளம்புவதில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது. சார் டீ குடிக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன?” என்பார். மேடம் இரவு போன் செய்வார். அதுவரை வேலை தவிர வேறெதுவும் என்னிடம் பேசாதவர்கள் இருவரும். உங்கள் பக்கம்தான் நியாயம் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை நான் மூட்டிவிடுகிறவர்களைப் பற்றிய பேச்சாகவே நினைத்திருந்தேன். மூட்டிவிடவே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும் என்பது அப்போதுதான் புரிந்தது. ஜெர்மன் சமூகவியலாளர் சிம்மல் 1908இல் இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு பழைய லத்தீன் பெயரையே எடுத்துக்கொண்டார். ‘மகிழும் மூன்றாமவர்’ என்று பொருள். சண்டை போடும் இருவருக்கும் அவருடைய ஆதரவு தேவைப்படுகிறது. அதனாலேயே அவருடைய மதிப்பு ஏறுகிறது. எனக்கு ஏறியதும் அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. மேடம் இருந்த பதவிக்கு முந்தைய வருடம் நானும் விண்ணப்பித்திருந்தேன். ஜப்பானில் தகஹாஷி என்ற ஆய்வாளரின் குழு 2009இல் மூளை ஸ்கேன் வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. பொறாமைப்படும் ஆளுக்குக் கெடுதல் நேர்வதாகப் படிக்கும்போது, பரிசு கிடைத்தால் வேலை செய்கிற மூளைப்பகுதியே வேலை செய்ததாம். பொறாமை அதிகமாக இருந்தவர்களுக்கு அதுவும் அதிகம். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பேனா மூடிதான் ஞாபகம் வந்தது. அவர் விரல் நடுங்கியதை நான் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பரிதாபம் வந்தது, பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது.

மூன்றாம் நாள் விஷயம் மேலிடம் வரை போகும் என்று தெரிந்ததும் அந்த நோட்டின் நகலோடு போய் நின்றேன். சார் வாங்கிப் பார்த்தார். “எப்ப பார்த்தீங்க இதை?”

“இப்பதான் சார்.”

மேடம் எனக்கு நன்றி சொன்னார். அன்றே என்ட்ரியைத் திருத்தியாயிற்று, கணக்கும் நேராகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாளில் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சத்தமாகச் சொன்ன வார்த்தைகளை யார் திருத்துவது? முதல் நாளே நான் எழுந்திருந்தால் அதில் பாதி வாயிலிருந்தே வந்திருக்காது.

அதற்கப்புறம் அவர்கள் நேரில் பேசிக்கொள்வது நின்றுபோனது. பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சலில்தான் பேசினார்கள். ஒவ்வொன்றிலும், சாட்சிக்கு இருக்கட்டும் என்று, மூன்றாவதாக என் பெயரையும் சேர்த்தார்கள்.