பத்தும் பத்தும் சேரவில்லை

ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறியபோது எடுத்த முடிவு இது. என்னுடையது ஷிமானோ கிளாரிஸ் எட்டு கியர். பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பற்கள்தான். பற்கள் கூடினால் ஏறுவது இலகு என்பதால், 11 முதல் 34 பற்கள் வரையுள்ள பத்து கியர் கேசட்டுக்கு (பின் பல்சக்கர அடுக்கு) மாறிவிடலாம் என்று கிளம்பினேன். நண்பர் தம் பழைய ஷிமானோ டியாக்ரா 4600 ஷிஃப்டர்களை, அதாவது சொடுக்கிச் சொடுக்கிக் கேபிளை இழுத்து கியர் மாற்றும் கைப்பிடிகளை, சும்மாவே கொடுத்தார். கேபிள் இழுப்புக்கேற்பச் செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டெரெய்லரும் டியாக்ராவாகவே இருக்கட்டும் என்று, 34 பற்களைச் சமாளிக்கும் 4700-ஐ வாங்கினேன். "பத்துக்குப் பத்து சேரும் சார்" என்றார் கடைக்காரர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் ஞாயிறு கேசட்டிலேயே போயிற்று. கேசட்டை இறுக்கும் லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கியும் பல்சக்கரங்கள் கடகடவென்று ஆடின. பழையதாக வாங்கிய சக்கரத்தில் இருந்தது 11 கியர் ஹப். அதில் கேசட் ஏறும் உடல் 1.85 மி.மீ. கூடுதல் நீளம். அதே தடிமனில் ஒரு ஸ்பேசர் வளையத்தை உள்ளே போட்டதும் ஆட்டம் நின்றது.

இரண்டாம் ஞாயிறுதான் உண்மையான தலைவலி. முதல் இரண்டு சொடுக்குகளுக்குச் செயின் ஒழுங்காக ஏறியது. மூன்றாவதில் கரகரத்தது. ஐந்தாவதில் ஏறவே இல்லை. இன்னொரு சொடுக்கு கொடுத்தால்தான் நகர்ந்தது. கேபிள் திருகைத் திருகித் திருகி விரல் சிவந்ததுதான் மிச்சம். ஒரு முனையில் சரிசெய்தால் மறுமுனை கெட்டது. டெரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு அதற்கும் ஒரு மணி நேரம். அது நேராகத்தான் இருந்தது.

அலுத்துப்போய், கழற்றி வைத்திருந்த எட்டு கியர் டெரெய்லரை வெறும் சோதனைக்காக மாட்டினேன். பத்து கியர் ஷிஃப்டருக்கு அது சொன்ன பேச்சு கேட்டது! 34-இல் மட்டும் மேல் உருளை பல்சக்கரத்தில் உரசியது. அதன் அளவு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், முதலிலேயே போட்டிருக்க வேண்டியது. 4600 ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு ஏறக்குறைய 2.3 மி.மீ. கேபிளை இழுக்கிறது. பழைய டெரெய்லர்கள் அந்த இழுப்பை 1.7 மடங்காக்கி நகரும்: 3.9 மி.மீ. பத்து கியர் கேசட்டில் பல்சக்கரங்களின் இடைவெளி 3.95. பொருந்துகிறது. 4700-க்கோ பெயரில்தான் பத்து. இழுப்புக் கணக்கு 11 கியர் குடும்பத்துடையது, 1.4 மடங்கு. 2.3-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 3.2. சொடுக்குக்கு முக்கால் மி.மீ. குறை, ஐந்து சொடுக்கில் கிட்டத்தட்ட ஒரு பல்சக்கரம். என் ஐந்தாவது சொடுக்கின் மர்மம் இவ்வளவுதான்.

தீர்வு மலைச் சைக்கிளிலிருந்து வந்தது. ஷிமானோவின் ஒன்பது கியர் மலை டெரெய்லரான டியோர் எம்591-க்கும் அதே 1.7 மடங்கு, உருளைகளைத் தாங்கும் கூண்டு நீளம், 34 பற்களுக்கு இடமுண்டு. பத்து கியர் மலை டெரெய்லரை வாங்கியிருந்தால் மறுபடி சிக்கலில் விழுந்திருப்பேன், அதன் கணக்கு வேறு. பழைய விலைக்குக் கிடைத்த டியோரை மாட்டி, மேல் உருளைக்கும் பல்சக்கரத்துக்கும் இடைவெளி வைக்கும் பி திருகைக் கொஞ்சம் உள்ளே ஏற்றியதும் ஒன்பது சொடுக்கும் சுத்தமாக விழுந்தன. மெலிந்த ரோடு சைக்கிளில் அந்த நீளக் கூண்டு, ஒல்லி ஆள் மாமனாரின் சட்டையைப் போட்டதுபோலத் தொங்குகிறது. பரவாயில்லை.

மிதியோடு சுற்றும் முன் பல்வளையங்கள் கொண்ட கிராங்க் மட்டும் இன்னும் பழைய எட்டு கியருடையது. பத்து கியர் செயின் ஒல்லி, சுமார் 5.9 மி.மீ.; எட்டு கியர் செயின் ஏழுக்கு மேல். அதனால் முன்னால் 50 பல் வளையத்திலிருந்து 34 பல் வளையத்துக்கு இறங்கும்போது எப்போதாவது இரண்டு வளையங்களுக்கும் நடுவில் செயின் சிக்கப் பார்க்கிறது. மிதியை இலகுவாக வைத்து மாற்றினால் சிக்குவதில்லை.

4700 டெரெய்லர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதற்கு ஜோடியான 4700 ஷிஃப்டர் மலிவாகக் கிடைக்குமா என்று தேடத் தொடங்கியிருப்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.