கொழுந்து என்று தேடினால் வராத மலர்கள்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் எங்கள் வாசிகசாலை. இரண்டு அறைகள், ஒரு பழைய மடிக்கணினி, ஒரு வைஃபை ரவுட்டர். அந்த மடிக்கணினியில் அறுநூறுக்கு மேற்பட்ட கோப்புகள் சேர்ந்திருந்தன. பாடசாலை ஆண்டு மலர்கள், பொங்கல் விழா மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், கூட்டு ஒப்பந்தப் பிரதிகள், வீட்டுக் காணி கேட்டு எழுதிய மனுக்கள். பென் டிரைவில் யார் யாரோ கொண்டுவந்து கொடுத்தவை. ஒருவர் வந்து “சம்பளப் போராட்டம் பற்றி ஏதாவது இருக்கா?” என்று கேட்டால், கோப்பின் பெயரைப் பார்த்து ஊகித்து ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இதற்கு ஒரு தேடல் வசதி செய்ய வேண்டும் என்று போன ஜூலையில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் உட்கார்ந்தேன்.

எலாஸ்டிக்சர்ச், சோலர் என்ற தேடல் மென்பொருள்கள் இரண்டும் ஜாவாவில் ஓடுபவை, நினைவகம் நிறையக் கேட்பவை. எங்கள் கணினியில் 4 ஜிபிதான். அதனால் ஸாப்பியனைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் பெயர் அது. சி++இல் எழுதிய தேடல் நூலகம். அதோடு ஒமேகா என்றொரு சிறிய நிரல் வருகிறது. பிரவுசருக்குப் பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி வெப் சேர்வரில் சிஜிஐ மாட்யூல் என்று, வெளி நிரல்களை ஓடவிடும் ஒரு துணைப்பகுதி உண்டு. அதன் வழியாக ஒமேகா இயங்கி, தேடல் பக்கத்தைக் காட்டும். யாரும் தேடாத நேரத்தில் ஒமேகா ஓடுவதே இல்லை. கேள்வி வரும்போது எழும், பதில் கொடுக்கும், முடிந்துவிடும். எங்களுடையதைப் போன்ற சின்ன இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அப்பாச்சி, ஸாப்பியன்-ஒமேகா, பிடிஎஃப் கோப்புகளைப் படிக்கப் பொப்ளர்-யூட்டில்ஸ் ஆகிய மூன்றையும் நிறுவினேன். பிரவுசரில் ஒமேகாவின் முகவரியைப் போட்டால் 404, அதாவது அப்படி ஒரு பக்கம் இல்லை என்ற பிழை. கோப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, அனுமதிகளும் சரியாக இருந்தன. இரண்டு மணிநேரம் இதிலேயே போனது. பிறகு அப்பாச்சியின் சிஜிஐ அமைப்புக் கோப்பைத் திறந்து ஆறுதலாகப் படித்தேன். சிஜிஐ மாட்யூல் ஏற்றப்பட்டிருந்தால் மட்டுமே ஒமேகா இருக்கும் அடைவை (ஃபோல்டரை) காட்டு என்று அதற்குள் ஒரு நிபந்தனை இருந்தது. மாட்யூல் இல்லாவிட்டால் அந்த முகவரியே அப்பாச்சிக்குத் தெரியாது. அதனால்தான் ‘அனுமதி இல்லை’ என்று சொல்லாமல் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்கிறது. டெபியன், உபுண்டு பாவிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்யூலை ஏற்ற ‘ஏ2என்மாட் சிஜிஐ’ என்ற கட்டளையைக் கொடுத்தேன். உங்கள் அப்பாச்சி த்ரெட் முறையில் இயங்குகிறது, ஆகவே சிஜிஐக்குப் பதிலாக சிஜிஐடி மாட்யூலை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு செய்தி வந்தது. அது பிழை அல்ல, அப்படித்தான் வர வேண்டும். அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்ததும் 404 போய், தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை என்ற ஒமேகாவின் சொந்தச் செய்தி வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வெப் சேர்வரும் ஒமேகாவும் பேசத் தொடங்கிவிட்டன என்றுதானே அர்த்தம். தரவுத்தளத்தைத்தான் நான் இன்னும் உருவாக்கவே இல்லை.

அதை உருவாக்கும் கருவியின் பெயர் ஒமிண்டெக்ஸ். கோப்புகள் இருக்கும் அடைவு, அவை வலையில் தோன்றும் முகவரி, தரவுத்தளத்தின் இடம் மூன்றையும் கொடுத்தால் எல்லாவற்றையும் படித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் என்று அட்டவணை போடும். கோப்புகளை நான் அப்பாச்சியின் வழக்கமான அடைவுக்கு வெளியே வைத்திருந்தேன். அதனால் தேடல் முடிவைக் கிளிக் செய்தால் 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற பிழை வந்தது. அந்த அடைவுக்கு அமைப்புக் கோப்பில் தனியாக அனுமதி எழுதியதும் தீர்ந்தது. ஸ்கேன் செய்த மலர்களுக்குள் எழுத்து ஏதும் இல்லை, படம் மட்டும்தான். அவற்றை டெசராக்ட் என்ற மென்பொருளின் தமிழ்த் தரவோடு ஓசிஆர் செய்தேன், அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுத்தேன். பழைய அச்சில் பிழைகள் வந்தாலும் தேடலுக்குப் போதும்.

இவ்வளவும் ஒன்றரை நாள். அதற்குப் பிறகுதான் மூன்று வாரம் எடுத்த வேலை தொடங்கியது.

‘தேயிலை’ என்று தேடினேன். வந்த முடிவுகள் எல்லாம் அண்மைக்கால ஆவணங்கள். 2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளம் பற்றி எழுதியவை வந்தன, பழையது ஒன்றுகூட இல்லை. காரணம் பாமினி. இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்த எவருக்கும் அந்த எழுத்துருவைத் தெரியும். மலர்களில் பெரும்பகுதி அதில்தான் அச்சுக்கோக்கப்பட்டது. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும், ஆனால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. ஒமிண்டெக்ஸ் எழுத்துருவைப் பார்ப்பதில்லை. எங்கள் பெரியவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் அதன் பார்வையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். இது எனக்கு மனதைத் தைத்தது. தாள் பத்திரமாக இருக்கிறது, கோப்பும் பத்திரமாக இருக்கிறது, ஆனால் தேடுகிறவனுக்கு அந்தப் பக்கங்கள் இல்லை.

நல்ல வேளையாக ஒமிண்டெக்ஸில் ஃபில்டர் என்றொரு வசதி உண்டு. பிடிஎஃப் வந்தால் வழக்கமான கருவியை விட்டுவிட்டு நான் எழுதிய நிரலிடம் கொடு, அது தரும் யூனிகோட் (எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) எழுத்தை அட்டவணைப்படுத்து என்று சொல்லலாம். மூலக் கோப்பில் கை வைக்கவே தேவையில்லை. கிளிக் செய்தால் வாசகருக்கு அதே பழைய மலர் திறக்கும். பைத்தனில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். முதலில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கருவியைக் கொண்டு கோப்பில் பாமினி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றும்.

முதல் பதிப்பில் ஒரு தவறு செய்தேன். முழுக் கோப்பையும் மாற்றிவிட்டேன். நடுவில் இருந்த ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிட்டன. எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே பிரிக்க முடியும்? பிடிஎஃப்டுஎச்டிஎம்எல் கருவி, எக்ஸ்எம்எல் வடிவில் கேட்டால், ஒவ்வொரு வரியோடும் எழுத்துருவையும் குறித்துத் தரும். பாமினியில் இருப்பதை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டேன். மறுபடி அட்டவணை போட்டதும் ‘தேயிலை’க்குப் பழைய மலர்கள் வரிசையாக வந்தன. ‘லயம்’, ‘கங்காணி’, ‘கவ்வாத்து’ எல்லாம் வந்தன. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். முப்பது வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவர், அந்த மலர்கள் பலவற்றின் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ‘கொழுந்து’ என்று அடித்தார்.

“தம்பி, கொழுந்து எடுக்கிற பெண்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். மலரில் வந்தது. இதில காணோமே?”

“இருக்கணும் சேர். அந்த மலர் உள்ளுக்கு இருக்கு.”

மலர் இருந்தது. ‘தேயிலை’ என்று தேடினால் அதே மலர் வந்தது. ‘கொழுந்து’ என்றால் வரவில்லை. ஊர்ப் பெயர்களைப் போட்டுப் பார்த்தோம். தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா வந்தன. கொட்டகலை, பொகவந்தலாவை, நோர்வூட் வரவில்லை. ‘தோட்டம்’ வரவில்லை, ‘தொழிலாளர்’ வரவில்லை. சேர்தான் முதலில் பிடித்தார். “கொம்பும் காலும் சேர்ந்து வாற எழுத்து எல்லாம் சிக்குது போல, பாருங்க” என்றார்.

அதுதான். பாமினியில் ‘கொ’ என்று எழுத முதலில் கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால் என்று மூன்றாக அடிப்போம். என் நிரல் கொம்பைத் தூக்கிக் ககரத்துக்குப் பின்னால் வைத்தது, காலை அப்படியே விட்டது. யூனிகோடில் ஒகர, ஓகாரக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே குறியீடும் உண்டு, கொம்பு, கால் என்ற இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தனில் நீளம் கேட்டால் ஒரு ‘கொழுந்து’ 8, மற்றது 9. தொலைபேசியில் அடித்தால் வருவது எட்டு, என் அட்டவணையில் இருந்தது ஒன்பது. ஸாப்பியன் இரண்டையும் ஒன்றென்று தானாகச் சமப்படுத்துவதில்லை. கொழுந்து, தோட்டம், தொழிலாளர், பொங்கல், கொழும்பு என்று மலையகத்தில் நாளாந்தம் புழங்கும் சொற்களே இந்தக் குறிகளில் மாட்டியிருந்தன.

திருத்தம் ஒரே வரி. பைத்தனின் யூனிகோட் நூலகத்தில் என்எஃப்சி என்ற சீராக்கும் முறை இருக்கிறது. நிரலின் கடைசியில் அதைச் சேர்த்தேன். தேடுகிறவர் பக்கமும் இதே சிக்கல் வரலாம் என்பதால், தேடல் பெட்டியில் அடிப்பதை அனுப்புமுன் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் கட்டளையால் சீராக்க வைத்தேன். பாமினி ஆவணங்களை மாற்றும் எவரும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளைப் பாவித்தாலும், வெளியே வரும் எழுத்தின் நீளத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் ஸ்டெம்மர், அதாவது சொல்லின் விகுதியைக் கழித்து வேர் தேடும் பகுதி. இயல்பாக ஒமிண்டெக்ஸ் ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்ளும். ஸாப்பியனின் 1.4 வரிசையில் தமிழும் இருக்கிறது. அட்டவணை போடும்போது தமிழ் என்று கொடுத்தேன், முடிவுகள் பாதியாகக் குறைந்தன. ஒமேகாவின் பக்க வார்ப்புருவில் அது இன்னும் ஆங்கிலமாகவே இருந்ததுதான் காரணம். ஒரு பக்கம் விகுதியை வெட்டுகிறது, மறுபக்கம் வெட்டாமல் தேடுகிறது, எப்படிச் சந்திக்கும்? இரண்டு இடத்திலும் ஒரே மொழி இருக்க வேண்டும். மாற்றிய பிறகு தரவுத்தளத்தை ஓவர்ரைட் தெரிவோடு புதிதாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாறாத கோப்புகளை ஒமிண்டெக்ஸ் தொடாமல் விட்டுவிடும். தமிழ் ஸ்டெம்மர் எல்லா வேற்றுமை உருபுகளையும் சரியாகக் கழிப்பதில்லை, சில சொற்களை அதிகமாகவும் வெட்டுகிறது. இருந்தாலும் அது இல்லாமல் தேடுவதைவிட நன்றாகத்தான் இருக்கிறது. சொல் அப்படியே வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போடச் சொல்லி ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மனுக்களில் குடும்பங்களின் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் இருப்பதால் இதை இணையத்தில் திறந்துவிடவில்லை. வாசிகசாலை வைஃபையில் இருக்கும் கருவிகளுக்கு மட்டும், அதாவது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளுக்கு மட்டும், அப்பாச்சியில் அனுமதி கொடுத்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை சேர் மறுபடி வந்து ‘கொழுந்து’ என்று அடித்தார். மூன்றாவது முடிவு அவருடைய கட்டுரை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே இரண்டு பக்கமும் வாசித்தார். அப்புறம் அலுமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அங்கே வாசிகசாலையின் பழைய கூட்டக் குறிப்புகள் பதினொரு கொப்பிகளில் இருக்கின்றன, எல்லாம் கையெழுத்து.

“இதையெல்லாம் எப்ப உள்ளுக்குப் போடப் போறீங்க?”

கையெழுத்தை டெசராக்ட் படிக்காது, உட்கார்ந்து அடிக்கத்தான் வேண்டும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். சேர் வாசித்துச் சொல்கிறார், அவர்கள் யூனிகோடில் அடிக்கிறார்கள். இப்போது இரண்டாவது கொப்பி ஓடிக்கொண்டிருக்கிறது.