ஆமா என்றால் அம்மா: பொக்கராவில் பத்து நாள்

2019 மே மாதம், தேர்வு முடிந்த மூன்றாம் நாள், காட்பாடி ரயில் நிலையத்தில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸுக்காக நாங்கள் ஒன்பது பேர் காத்திருந்தோம். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் அப்போது பிசியோதெரபி மூன்றாம் ஆண்டை முடித்திருந்தேன். எங்கள் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் கோடை விடுமுறைகளில் ஊழியப் பயணம் ஏற்பாடு செய்வது வழக்கம். அதுவரை ஒடிசாவையும் ஜார்க்கண்டையும் தாண்டாத அந்தப் பயணம் முதல்முறையாக எல்லை கடந்து நேபாளத்துக்குப் போகவிருந்தது.

ஆளுக்குப் பதினோராயிரம் ரூபாய் ஆனது. அதில் ஐயாயிரத்தை என் ஆச்சி தந்தார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டு, மாதக் கடைசியில் கோவிலுக்கு, அதாவது தேவாலயத்துக்கு, கொடுத்துவிடும் திருநெல்வேலிப் பழக்கம் அவருடையது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிய மக்களின் வழியில் வந்தவர் என்பதால், ஊழியம் என்றால் என்னவென்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பணத்தை என் கையில் வைத்து அழுத்தியபடி, "போயி எத்தனை பேரை ஆண்டவருக்குள்ள கூட்டிட்டு வருவே?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

மழுப்பியதற்குக் காரணம் இருந்தது. புறப்படுவதற்கு முந்தின வாரம் ஜெபக் கூட்டத்தில், குழுவை நடத்திச் சென்ற அண்ணன் நேபாளச் சட்டத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தார். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினாலோ மாறத் தூண்டினாலோ ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவார். "நமக்கு ஒன்றும் ஆகாமல் திரும்பிவிடலாம், நம்மை வரவேற்ற சபைதான் அதன் பிறகு பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்று அண்ணன் சொன்னதைக் கேட்டதும், சுவிசேஷக் கைப்பிரதிகளைக் கொண்டுபோவதில்லை என்று முடிவானது. ஆனாலும் கோரக்பூரில் இறங்கிப் பைகளை அடுக்கும்போது, எங்களில் ஒருவனுடைய பையின் அடியில், துண்டுக்குள் சுற்றிய இருநூறு பிரதிகள் வெளிப்பட்டன. அவையும் இந்தியில் இருந்தன. அவனுக்கும் இந்தி வாசிக்கத் தெரியாது. அண்ணன் அவனைத் திட்டவில்லை. அங்கேயிருந்த ஒரு சபையில் அவற்றைக் கொடுத்துவிட்டு வரும்படி அனுப்பினார். அவன் போய் வரும் வரை நாங்கள் நடைமேடையிலேயே பைகளின்மேல் உட்கார்ந்திருந்தோம்.

கோரக்பூரிலிருந்து சோனௌலி எல்லைக்குப் போகும் பேருந்து நவுதன்வா வழியாகச் செல்கிறது. சாலையோரம் புழுதி படிந்த, நின்று பார்க்க ஒன்றுமில்லாத சிற்றூர் அது. நேபாளம் வெளியாருக்கு மூடிக் கிடந்த, ராணா வம்சத்தார் ஆண்ட காலத்தில் டாக்டர் லில்லி ஓ'ஹான்லன், ஹில்டா ஸ்டீல் என்ற இரண்டு பெண்கள் மலையிலிருந்து இறங்கி வரும் நேபாளிகளுக்காக அவ்வூரில் ஒரு மருந்தகத்தை நடத்திக்கொண்டு பல ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதையும், கதவு திறந்ததும் 1952-இல் நேபாளக் கிறிஸ்தவர் சிலருடன் கால்நடையாகவே பொக்கரா போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் அண்ணன் பேருந்தின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர்கள் கட்டிய தகடு வேய்ந்த குடில்கள் வெயிலில் மின்னியதால், ஊரார் அதை மின்னும் மருத்துவமனை என்றே அழைத்தார்களாம். அவ்வளவு காலம் காத்திருந்தவர்களின் ஊரை நாங்கள் ஐந்து நிமிடத்தில் கடந்துபோனோம். எங்கள் மொத்தப் பயணத் திட்டமே போக வர நீங்கலாகப் பத்து நாள்தான் என்பது அப்போது கொஞ்சம் உறைத்தது.

எல்லையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இந்தியருக்கு விசா வேண்டியதில்லை. வாக்காளர் அட்டையைக் காட்டி ஒரு வளைவுக்கு அடியில் நடந்து மறுபக்கம் போய்விடலாம். கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை 2018 டிசம்பரிலேயே நேபாளம் தடை செய்திருந்ததால், எங்கள் காசாளர் அக்கா வேலூரிலேயே எல்லாவற்றையும் நூறாக மாற்றிச் செங்கல்லைப் போல ஒரு கட்டைச் சுமந்து வந்திருந்தார். நம் நூறு அங்கே நூற்று அறுபது என்றதும் பையன்களுக்குத் திடீரெனப் பணக்காரர்களான நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பு புட்வல் தாண்டி மலைப்பாதை தொடங்கும் வரைதான் நீடித்தது. சித்தார்த்த நெடுஞ்சாலையின் வளைவுகளில் எங்கள் குழுவில் ஆறு பேர் வாந்தி எடுத்தார்கள். நானும் அதில் ஒருத்தி. அந்தப் பயணத்தைப் பற்றி வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

பொக்கராவின் ஏரியைப் பற்றியும் படகுகளைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். மச்சபுச்சரேயை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. 6,993 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் புனிதமானது என்பதால் அதில் ஏற எவருக்கும் அனுமதி இல்லை. மே மாதத்தில் காலை ஏழு மணிக்குள் எழுந்தால்தான் அது கண்ணில் படும். பிறகு மேகம் மூடிக்கொள்ளும், பிற்பகலில் இடியும் சில நாள் ஆலங்கட்டியும் வரும். நாங்கள் தியான வேளைக்காக மாடியில் கூடும்போது அது எதிரே நின்றதால், கண்ணை மூடி ஜெபிக்க வேண்டியவர்கள் பாதிக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தோம்.

எங்களை வரவேற்ற சபை ஊரின் வெளிப்பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு கட்டடத்தில் கூடிவந்தது. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் ஆராதனையும் அன்றுதான். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்க, உள்ளே ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகப் பாயில் உட்கார்ந்து, மாதல் என்னும் சிறு மத்தளத்தை அடித்துக்கொண்டு பாடுவதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கோவில்தான் ஞாபகம் வந்தது. எல்லோரும் கைகூப்பி "ஜெய் மசீ" என்றார்கள், நாங்களும் சொன்னோம். அன்று எங்கள் கெட்ட குமாரன் நாடகத்தையும் போட்டோம். தகப்பனை விட்டுத் தூர தேசம் போய், எல்லாம் இழந்து வீடு திரும்பும் மகனைப் பற்றி இயேசு சொன்ன கதை அது. பன்றித் தவிட்டைத் தின்னும் காட்சிக்குச் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை, முன்வரிசையில் ஒரு பெரியவர் அழுதுகொண்டிருந்தார். அவருடைய இரண்டு பையன்களும் மலேசியாவிலும் கத்தாரிலும் வேலைக்குப் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாதவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி கோர்க்கா மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவரை தீதி, அதாவது அக்கா, என்றுதான் அழைத்தோம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கமும் ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்புதான் வந்தது. பள்ளி இல்லாததால் பிள்ளைகள் தப்பியதையும், ஆராதனைக்குக் கூடியிருந்த சில சபைகளில் கட்டடம் இடிந்து விழுந்ததையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டில் எதற்கு ஸ்தோத்திரம் சொல்வது என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. அவர் எங்கள் தட்டுகளில் மறுபடி சோறு போட ஆரம்பித்தார்.

அவருடைய மாமனாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். 1990 வரை ஞானஸ்நானம் பெற்றவருக்கு ஓராண்டுச் சிறை, கொடுத்தவருக்கு ஆறாண்டுச் சிறை என்றிருந்த காலத்தில், விடியுமுன் ஆற்றில் முழுகி எழுந்த கதையை அவர் எங்களுக்குச் சொன்னார். 1961 கணக்கெடுப்பில் நேபாளம் முழுவதிலும் கிறிஸ்தவர் 458 பேர். 2011-இல் 3,75,699 பேர். இந்த வளர்ச்சியைப் பற்றி எங்கள் ஊர்க் கூட்டங்களில் பேசுகிறவர்கள் வெளியிலிருந்து போனவர்களின் பெயரை அடுக்குவார்கள். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோது, மருத்துவமனை கட்டியவர்களும் பள்ளி நடத்தியவர்களும் வெளியிலிருந்து வந்திருந்தாலும், ஒருவருக்கொருவர் சொல்லிச் சிறைக்கும் போனவர்கள் நேபாளிகளே என்பது எனக்கு விளங்கியது. வேதாகமத்தையே 1914-இல் முழுமையாக நேபாளியில் தந்தவர் டார்ஜிலிங்கில் வாழ்ந்த கங்கா பிரசாத் பிரதான். இவர்கள் நடுவில் வந்து நாடகம் போட்ட எங்களுக்கு அந்தப் பெரியவர் மரியாதையாகக் கை தட்டினார், அவ்வளவுதான்.

உதவி என்ற பெயரில் நாங்கள் செய்த காரியங்களில் ஒன்று வெட்கக்கேடானது. சபையை ஒட்டிய மாணவர் விடுதியின் சுவருக்கு வர்ணம் பூசும் வேலையை இரண்டு நாள் எங்களிடம் கொடுத்திருந்தார்கள். பழைய வர்ணத்தைச் சுரண்டாமலேயே மேலே பூசிவிட்டோம். படமும் எடுத்துக்கொண்டோம். நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் அந்தப் பக்கம் போனபோது, கூலிக்கு வந்த ஒருவர் எங்கள் சுவரைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் வேலையை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார், நாங்கள் நகர்ந்ததும் தொடர்ந்தார். ஒன்பது பேரின் ரயில் கட்டணத்தில் அவருக்கு எத்தனை நாள் கூலி கொடுத்திருக்கலாம் என்று காசாளர் அக்கா கணக்குப் போடத் தொடங்க, நாங்கள் அவரை நிறுத்தச் சொன்னோம்.

எனக்கு உருப்படியாக வாய்த்தது தொழுநோயிலிருந்து குணமானவர்களின் குழு. பொக்கராவில் 1957 முதல் கிரீன் பாஸ்சர்ஸ் என்ற தொழுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. பசும்புல் வெளிகள் என்று பொருள்படும் அந்தப் பெயரைக் கேட்டதும், புல்லுள்ள இடங்களில் மேய்க்கும் மேய்ப்பரைப் பாடும் சங்கீதம் 23 நினைவுக்கு வராத கிறிஸ்தவர் இருக்க முடியாது. அதுபோன்ற இடங்களில் பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பத்துப் பன்னிரண்டு பேர் புதன்கிழமைகளில் சபை முற்றத்தில் கூடி, கால்களைப் பராமரித்துக்கொள்வார்கள். கிருமி போய்விட்டாலும் செத்துப்போன நரம்பு திரும்புவதில்லை. காலில் முள் தைத்தாலும் அடுப்புத் தணல் பட்டாலும் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகி, புண் எலும்பு வரை போகும். விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் ஏற்படும் காயங்களால்தான் போகின்றன என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டியதையும், மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியதையும் நான் பாடமாகப் படித்திருந்தேன். படித்த கையை நேரில் பார்த்தது அந்த முற்றத்தில்தான்.

முறை மிகவும் எளியது. வாளித் தண்ணீரில் காலை அரை மணி நேரம் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். பிறகு பாதத்தைத் திருப்பி வெடிப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் ஒரு பாட்டி. அவர் வலது கை விரல்கள் நேராக இருந்தன. உள்ளங்கையில் வெளுத்துப்போன மெல்லிய அறுவைத் தழும்பு ஒன்று ஓடியது. இடது பாதத்தில் மூன்று விரல்களே இருந்தன. கல்லைப் பிடிக்கத் தெரியாமல் நான் பயந்து பயந்து தேய்ப்பதைப் பார்த்து, அவர் என் கையைப் பற்றி எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினார். தேய்த்த தோல் வாளித் தண்ணீரில் சுண்ணாம்பைப் போலக் கரைந்தது. பேச்சுக்கு எங்களிடம் மொழி இல்லை. எனக்கு இந்தியே தகராறு, நேபாளி எங்கே?

எல்லாம் முடிந்ததும் அவர் என் காலைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். நான் மறுத்தேன். அவர் விடவில்லை, கணுக்காலைப் பிடித்துத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, என் பாதத்தை நான் அவருடையதைப் பார்த்தது போலவே விரல் விரலாகப் பார்த்தார். பயணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் ஒரு கொப்புளம் வந்திருந்தது. அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தி, "துக்ச?" என்றார். துக்கம் என்பதற்குப் பக்கத்துச் சொல். வலிக்கிறதா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. "ஆமா" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. வலிக்கிறதா என்று கேட்டவரிடம் நான் அம்மா என்று சொல்லியிருக்கிறேன். அவர் மட்டும் சிரிக்காமல் தலையை ஆட்டி, தன் எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து என் கொப்புளத்தில் தடவினார். அதற்குப் பிறகு மீதமிருந்த நாட்களில் எங்கே அவரைப் பார்த்தாலும் "ஆமா" என்று கூப்பிட்டேன். அவரும் என் குதிகாலைத்தான் முதலில் பார்ப்பார்.

ஊர் திரும்பிய மறு வாரம் சாட்சிக் கூட்டம் நடந்தது. அறிக்கைக்கென்று தந்த தாளில், சந்தித்தவர்கள் எத்தனை, இயேசுவை ஏற்றுக்கொள்ளத் தீர்மானம் எடுத்தவர்கள் எத்தனை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் ஒரு தோராயத் தொகையை எழுதிவிட்டு, இரண்டாவதில் அண்ணன் ஒரு கோடு போட்டுவிட்டார். மேடையில் வாந்தி எடுத்த கதையைச் சொன்னோம், மலையைப் பற்றிச் சொன்னோம், சுவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஆச்சிக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை பேர் என்று அவர் மறுபடி கேட்கவில்லை. பெட்டியிலிருந்து அரிசியைப் பைக்கு மாற்றிக்கொண்டே, கல்லையும் எண்ணெயையும் பற்றிக் குறுக்கே இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, "அவுகளுக்காக ஜெபத்துல சொல்லணும், பேரு என்ன?" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த நாட்களெல்லாம் நான் அவரை ஆமா என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.