வேகாத கழிவுணவும் வெண்பன்றிப் பண்ணையும்

தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்க்கும் சிறு பண்ணையாளர்களில் பலர், ஓட்டல்களிலும் விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும் மிஞ்சும் உணவை நம்பியே தொழில் நடத்துகிறார்கள். அடர்தீவனத்தை மட்டும் வாங்கிப் போட்டால் விற்கும்போது கையில் ஒன்றும் நிற்காது என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் கால்நடை மருத்துவனாக ஒரு பன்றிப் பண்ணைக்குள் நுழையும்போது நான் முதலில் கேட்பது, கழிவுணவை வேகவைத்துத்தான் கொடுக்கிறீர்களா என்பதைத்தான். "ஏற்கெனவே வெந்த சோறுதானே சார்" என்ற பதிலைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். பன்றிகளைத் தாக்கும் பெருநோய்கள் கடல் கடந்து வந்த வழியைப் படித்தவர்களுக்கு அந்தப் பதில் கவலையைத் தரும்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வரலாறே இதற்குச் சான்று. கென்யாவில் வளர்ப்புப் பன்றிகள் கொத்துக்கொத்தாக மடிந்ததை ஆராய்ந்து, 1921-இல் மாண்ட்கோமெரி என்ற கால்நடை மருத்துவர் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக எழுதினார். அங்குள்ள காட்டுப்பன்றி வகைகளிலும் அவற்றின் வளைகளில் வாழும் மென்னுண்ணிகளிலும் பெரிய கேடு எதையும் செய்யாமல் தங்கியிருந்த வைரஸ், 1957-இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகருக்கு வந்து சேர்ந்தது. விமானங்களில் மிஞ்சிய உணவை விமான நிலையத்துக்கு அருகிலிருந்த பன்றிகளுக்குப் போட்டதே காரணம். அண்டை நாடான ஸ்பெயின் 1995 வரை இந்த நோயோடு போராட வேண்டியிருந்தது. 2007-இல் ஜார்ஜியா நாட்டின் போத்தி (Poti) என்ற துறைமுகத்தின் வழியாக அது மீண்டும் ஐரோப்பாவின் வாசலுக்கு வந்தபோதும், கப்பலிலிருந்து இறக்கப்பட்ட உணவுக் கழிவே அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அங்கிருந்து ரஷ்யா, 2018-இல் சீனா, 2020-இல் நம்முடைய அசாமும் அருணாசலப் பிரதேசமும் என்று அது பரவியது. 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடிப் பகுதிப் பண்ணைகளில் உறுதிசெய்யப்பட்டது. 2023-இன் தொடக்கத்தில் முதுமலையில் இறந்து கிடந்த காட்டுப்பன்றிகளிலும் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. 2024-இல் இலங்கைப் பண்ணைகளும் இதற்குப் பலியாயின.

இந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது. ஆதலால் பன்றி இறைச்சி உண்போர் அஞ்ச வேண்டியதில்லை. பன்றிக்கோ இது ஏறக்குறைய மரண ஓலை. கடுமையான வகை புகுந்த கொட்டிலில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இறக்கும். சில இடங்களில் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு மருந்து இல்லை. வியட்நாம் தடுப்பூசிகளை அனுமதித்திருக்கிறது, ஆனால் நம் நாட்டுப் பண்ணையாளர் கையில் அப்படி எதுவும் இல்லை. உறைந்த இறைச்சியில் இது ஆண்டுக்கணக்கிலும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் மாதக்கணக்கிலும் உயிர்ப்போடு இருக்கும். இவ்வளவு உறுதியான கிருமி வெப்பத்துக்கு முன் நிற்பதில்லை என்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. 60 பாகை செல்சியஸில் 20 நிமிடங்களில் அது செயலிழந்துவிடும். எலும்போடும் கொழுப்போடும் கட்டியாகக் கிடக்கும் கழிவின் நடுப்பகுதி வரை அந்த வெப்பம் சென்று சேர வேண்டும் என்பதற்காகவே, கழிவுணவை 90 பாகைக்குக் குறையாமல், இடைவிடாமல் கிளறியபடி, ஒரு மணி நேரமாவது வேகவைக்க வேண்டும் என்று உலக விலங்குநல அமைப்பு விதித்திருக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பண்ணையாளர்கள் சுமையாக நினைக்கிறார்கள். விறகுச் செலவு உண்டு, கிளறுவதற்கு ஓர் ஆள் வேண்டும், மதியம் வரும் கழிவை மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரமும் இருக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. பன்றிச் சாணத்தைக் கொண்டே எரிவாயுக் கலன் அமைத்த பண்ணைகளில் எரிபொருள் செலவு வெகுவாகக் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது பன்றிகளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். கொப்பரையை ஏற்றுவதற்கு முன் எலும்பு, பல்குத்தும் குச்சி, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஊறுகாய் நீரும் உப்பு மிகுந்த குழம்பும் நிறையக் கலந்த கழிவைத் தவிர்க்க வேண்டும். குடிநீர் குறைவாகக் கிடைக்கும் பன்றி அத்தகைய கழிவைத் தின்றால் உப்பு நஞ்சாகி, தள்ளாடி, வலிப்பு வந்து சாகும். அந்த வலிப்பைக் கண்டு தொற்றுநோய் என்று பதறி, கண்ட மருந்துகளையும் செலுத்துபவர்கள் உண்டு.

வேகவைப்பவர்களில் பலரும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. பச்சைக் கழிவு வந்திறங்கிய அதே பீப்பாயில் வெந்ததை ஊற்றினாலோ, பச்சைக் கழிவை அள்ளிய வாளியையே வெந்த தீவனத்துக்கும் பயன்படுத்தினாலோ, ஒரு மணி நேர உழைப்பு முழுவதும் வீணாகிவிடும். கழிவு இறக்கும் இடம் பண்ணையின் ஒரு ஓரத்திலும், வெந்த தீவனம் வைக்கும் இடம் மறு ஓரத்திலும் இருக்கட்டும். இரண்டு பக்கத்துக்கும் வாளிகளும் மண்வெட்டிகளும் தனித்தனியாக வேண்டும்; அவற்றுக்கு வெவ்வேறு வண்ணம் பூசி வைத்தால் வேலைக்கு வரும் புதிய ஆளுக்கும் குழப்பம் வராது. நாய், பூனை, காகம் ஆகியவை பச்சைக் கழிவை இழுத்துச் சென்று கொட்டிலில் போடாதபடி அந்த இடத்தை மூடியும் வைக்க வேண்டும்.

வேகாத கழிவால் வரும் கேடு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலோடு முடிவதில்லை. இங்கிலாந்தில் 2001-இல் பரவிய கோமாரி நோய், நார்த்தம்பர்லாந்தில் சரியாகச் சூடாக்காத கழிவுணவைப் போட்டு வந்த ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியதாகவே விசாரணைகள் முடிவுசெய்தன. அதை அடக்குவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. அவற்றில் பெரும்பாலானவை ஆடுகள். கோமாரி கண்ட பன்றி, தன் மூச்சுக்காற்றில் மாட்டைவிடப் பன்மடங்கு வைரஸை வெளியேற்றும் என்பதால் ஒரு கொட்டிலின் அலட்சியம் ஊர்மாடுகள் அனைத்தையும் பாதிக்கக்கூடும். அந்த ஆண்டே பிரிட்டன் கழிவுணவு கொடுப்பதை முற்றிலும் தடைசெய்தது. இங்கே அத்தகைய தடையை நான் கேட்க மாட்டேன். நகரங்கள் கொட்டும் உணவு வீணாகாமல் புரதமாக மாறுவது நல்ல காரியம். ஏழைக் குடும்பங்கள் பல அதனால் பிழைக்கின்றன. வேகவைத்தே கொடுக்க வேண்டும் என்ற கண்டிப்பும், அதற்கான கொப்பரைக்கும் எரிவாயுக் கலனுக்கும் மானியமும் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

தீவனத்துக்கு அடுத்தபடியாக நோய் நுழைவது ஆட்களோடும் வண்டிகளோடும்தான். வியாபாரியின் வண்டி ஒரே நாளில் நான்கு பண்ணைகளுக்குச் சென்று வருகிறது. அதன் சக்கரத்திலும் தட்டிலும் மற்ற பண்ணைகளின் சாணம் ஒட்டியிருக்கிறது. அதை வேலிக்கு வெளியே நிறுத்தி, பன்றிகளை வாசலுக்குக் கொண்டுவந்து ஏற்றுவதே முறை. இனச்சேர்க்கைக்காக ஆண் பன்றியைப் பண்ணைக்குப் பண்ணை இரவல் கொடுக்கும் பழக்கத்தையும் நிறுத்தியாக வேண்டும். கிருமிநாசினிக் கால்தொட்டியைப் பலரும் கட்டியிருக்கிறார்கள், ஆனால் சாணம் படிந்த செருப்போடு அதில் இறங்கினால் மருந்து சாணத்தோடு வினைபுரிந்து வலுவிழக்கும். முதலில் தேய்த்துக் கழுவி, பிறகுதான் கால் நனைக்க வேண்டும். புதிதாக வாங்கிய பன்றிகளைக் குறைந்தது முப்பது நாட்கள் தனியாக வைத்து, அவற்றுக்கான வேலையை நாளின் கடைசியில் செய்ய வேண்டும். நீலகிரி, சத்தியமங்கலம் போன்ற காட்டோரப் பகுதிகளில் காட்டுப்பன்றி கொட்டிலின் சுவரைக்கூட நெருங்க முடியாதபடி வேலி அமைப்பது இன்றியமையாதது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே ஊசியால் கொட்டில் முழுவதற்கும் மருந்து போடுவது, நோயுற்ற ஒரு பன்றியின் இரத்தத்தை நாமே மற்றவற்றுக்குச் செலுத்துவதாகும். பன்றிக்கு ஓர் ஊசி என்பதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தடுப்பூசி உள்ள நோய்களுக்கு அதைக் காலத்தில் போட்டுவிட வேண்டும். வழக்கமான பன்றிக் காய்ச்சலுக்கு உள்நாட்டிலேயே தடுப்பூசி தயாராகிறது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் கோமாரித் தடுப்பூசிக்குப் பன்றிகளும் உரியவை. பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டாயிற்று என்பதால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் வராது என்று எண்ணுவது ஆபத்தானது. பெயர்தான் ஒத்திருக்கிறதே தவிர, இரண்டும் உறவே இல்லாத வைரஸ்கள். குட்டிகளைப் பொறுத்தவரை, பிறந்த முதல் நாளிலேயே சீம்பால் வயிறு நிறையக் கிடைக்க வேண்டும், ஏனெனில் பன்றியில் தாயின் நோய் எதிர்ப்பாற்றல் கருவிலேயே குட்டிக்குக் கடத்தப்படுவதில்லை. குட்டிக்கு நாளொன்றுக்கு ஏழு மில்லிகிராம் இரும்பு தேவைப்பட, தாய்ப்பாலில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான் கிடைக்கிறது. சிமெண்டுத் தரையில் வளரும் குட்டிக்கு மண்ணிலிருந்தும் இரும்பு கிடைக்காது என்பதால், மூன்றாம் நாளையொட்டி இரும்புச்சத்து ஊசி போடாவிட்டால் அது வெளிறி, கழிச்சலுக்கு எளிதில் இரையாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் நோய் வந்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன என்பதுதான் என்னை மிகவும் வருத்தும் பகுதி. நலமான பன்றியின் உடல்வெப்பம் 39 பாகையை ஒட்டியிருக்கும். அது 41-ஐத் தாண்டி, தீனி எடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, காதும் வயிறும் செம்மையோ நீலமோ பூத்து, சினையுற்றவை குறைமாதத்தில் குட்டி வீசி, இரண்டு மூன்று பன்றிகள் அடுத்தடுத்து இறந்தால், அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலையும் வழக்கமான பன்றிக் காய்ச்சலையும் கண்ணால் பார்த்து வேறுபடுத்த எந்த மருத்துவராலும் முடியாது. ஆய்வகச் சோதனைதான் வழி. ஆனால் நடைமுறையில், முதல் பன்றி இறந்ததும் மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிடவே மனம் ஓடுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் 1998-இல் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் நிபா வைரஸ் தொற்றியபோது, பயத்தில் விற்கப்பட்ட பன்றிகளே அதைத் தெற்கே நெகிரி செம்பிலான் வரை கொண்டுசென்றன. 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைக் கொல்லாது என்றாலும், மலிவாக விற்ற பன்றியோடு அது அடுத்த மாவட்டத்துக்குப் போகும் வழி இதேதான்.

2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, நோயைத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பன்றிகள் அழிக்கப்படும். பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நடக்கும். அழிக்கப்படும் பன்றிக்கு இழப்பீடு உண்டு, அதற்கு முன்பே இறந்துபோனதற்குக் கிடைக்காது. ஆகவே சீக்கிரம் சொல்பவருக்கே பலன் அதிகம். இதைப் பண்ணையாளர்கள் நம்ப வேண்டுமானால் இழப்பீடு கையில் வந்து சேர மாதங்கள் ஆகக் கூடாது. தாமதமாகும் ஒவ்வொரு தொகையும் அடுத்த பண்ணையாளரின் வாயை அடைத்துவிடுகிறது.

அழித்து முடித்த பண்ணையில் உடனே குட்டிகளை இறக்கிவிடக் கூடாது. பன்றிகளை ஆழமாகப் புதைத்து, சுண்ணாம்பிட்டு மூடிய பிறகு, சாணத்தையும் படுக்கையையும் முழுமையாக அகற்றி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் கிருமிநாசினி தெளித்து, குறைந்தது நாற்பது நாட்களாவது கொட்டிலைக் காலியாக விட வேண்டும். அதன்பின் வழக்கமான எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு பன்றிகளை மட்டும் விட்டு, அவற்றை எல்லாக் கொட்டில்களிலும் உலவவைத்து, ஆறு வாரங்கள் தினமும் கவனிக்க வேண்டும். அவற்றில் ஒன்றுக்கும் காய்ச்சல் காணாமல், இரத்தச் சோதனையும் தெளிவாக வந்தால், மற்றவற்றை வாங்கத் தொடங்கலாம்.