மூன்றாவது பாடம்

என் மூத்தவள் 2022இல் ஓ/எல், அதாவது சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். பெற்றோல் வரிசைக் காலம். கடைசிப் பேப்பர் முடிந்த மறுகிழமையே யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து சைக்கிளில் ஏ/எல் ரியூசனுக்கு ஓடத் தொடங்கிவிட்டாள். ஏ/எல் என்றால் உயர்தரம்; ஒரு பிரிவில் மூன்று பாடம் எடுத்து, அதை வைத்துத்தான் பல்கலைக்கழகம். பெறுபேறு வர இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. எங்கள் ஊரில் பிள்ளை எந்தப் பிரிவு என்பது பாதி அந்த முதல் கிழமையிலேயே முடிந்துவிடுகிறது. சிநேகிதிகள் எந்த ரியூட்டரி வாசலில் சைக்கிளை விடுகிறார்களோ, அந்தப் பிரிவு.

வீட்டில் எல்லோர் வாயிலும் பயோதான். அம்மம்மாவுக்கு டொக்டர் பேத்தி வேண்டும். கனடாவில் இருக்கிற என் தம்பி, "அக்கா, மற்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாள்? பயோ எடுக்கச் சொல்லுங்கோ" என்று வட்ஸ்அப்பில் தினமும் நின்றான். இவள் பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளை. ஒரு மாதிரி கணிதப் பிரிவு என்று முடிவானது. நாங்கள் சறுக்கியது அதில் இல்லை, மூன்றாவது பாடத்தில்.

இணைந்த கணிதம், பௌதிகவியல் இரண்டோடும் பெரும்பாலானோர் இரசாயனவியல் எடுப்பார்கள். அதற்குப் பதிலாக ஐசிரியும், அதாவது தகவல் தொழினுட்பமும் எடுக்கலாம். இவளுக்குச் சேதன இரசாயனம் என்றால் ஓ/எல் காலத்திலேயே பயம், பெரிய வகுப்பு அண்ணன்மார் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். "ஐசிரி லேசு, அதோட இஞ்சினியரிங்கும் போகலாம்" என்று பள்ளிக்கூடத்தில் பொறுப்பான ஒருவரே சொன்னார். நம்பினோம்.

நாலு மாதம் போன பிறகு ஒரு நாள் என் கணவர் வேலையிடத்தில் யாரோ வைத்திருந்த பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வாங்கி வந்தார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடுவது. தமிழிலேயே இருக்கிறது. ஏ/எல் பெறுபேறு வந்த பிறகு விண்ணப்பம் நிரப்பத்தான் அதை எல்லோரும் தேடுவார்கள். உண்மையில் அதை வாசிக்க வேண்டிய நேரம் இரண்டு வருடம் முந்தியது. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் என்னென்ன பாடம் வேண்டும் என்று அதில் பச்சையாகப் போட்டிருக்கிறது. பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் கட்டாயம். ஐசிரியோடு கணினி பக்கம் போக வழி உண்டு, பொறியியல் பீடத்துக்கு இல்லை. பயோவிலும் இதே பொறிதான்: பௌதிகவியலுக்குப் பதில் விவசாயம் எடுத்தால் மருத்துவம் இல்லை.

அன்று இரவு அழுதாள். மறுநாள் மாறினாள். அணுக்கட்டமைப்பு, பிணைப்பு, இரசாயனக் கணிப்பு எல்லாம் வகுப்பில் முடிந்துவிட்டிருந்தன. அடுத்த பாட்ச் பிள்ளைகளோடு ஞாயிறு காலையில் உட்கார்ந்து அதைப் பிடித்தாள். தன்னைவிடச் சின்னவர்களோடு இருக்க வெட்கம்தான், போனாள்.

"லேசான பாடம்" என்ற பேச்சையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அனுமதிக்குப் பார்ப்பது இசட் புள்ளியை. உங்கள் புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்து, சராசரி காண்பார்கள். இடை 50, விலகல் 20 உள்ள பாடத்தில் 70 எடுத்தாலும், இடை 70, விலகல் 10 உள்ள பாடத்தில் 80 எடுத்தாலும் இரண்டுக்கும் ஒன்றுதான் கிடைக்கும். எல்லோருக்கும் லேசு என்றால் யாருக்கும் லாபமில்லை. இதை இவளே கொப்பியில் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

அதற்குமேல் கோட்டா. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தலில் தொடங்கிய கதை. என் அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுத்தால் தேத்தண்ணி ஆறிவிடும்.

இசட் புள்ளியில் சேராததால் பிள்ளைகள் கைவிடுவது இரண்டு. ஒன்று பொதுச் சாதாரணப் பரீட்சை, ஏ/எல்லோடு எழுதுகிற பொதுத் தாள்; அதில் 30 புள்ளியாவது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். மற்றது ஆங்கிலம். இங்கே தமிழில் படிக்கிறார்கள், பொறியியல் பீடத்தில் முதல் நாளில் இருந்தே ஆங்கிலம். அதனால் ஒரு சின்னக் கொப்பி போட்டோம். உந்தம் என்றால் மொமென்ரம், ஏவற்சக்தி என்றால் அக்ரிவேசன் எனர்ஜி என்று நாளுக்கு ஐந்து சொல். நான் சமைக்கும்போது கேட்பேன், அவள் சொல்லுவாள். எனக்கே பாதி பாடம்.

பரீட்சை 2024 நவம்பரில். தொடங்கி இரண்டாம் நாளோடு மழை வெள்ளத்தால் நிறுத்திவிட்டார்கள். படித்ததை மறுபடி படிக்கிறதா, நித்திரை கொள்கிறதா என்று தெரியாமல் ஒரு கிழமை. எங்கள் ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணி. நான் நித்திரை கொள்ளச் சொன்னேன்.

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு போடும்போதும் ஒரு குழப்பம். "கிடைக்கிறதை முதலில் போடு" என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அது பிழை. மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கு எந்தக் குறைவும் வராது. ஆசைப்பட்ட ஒழுங்கிலேயே மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம் என்று போட்டாள். கிடைத்தது யாழ்ப்பாணம். பெயர்தான் யாழ்ப்பாணம், பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில்.

கைநூலை இப்போது பக்கத்து வீட்டுப் பெடியன் கொண்டு போயிருக்கிறான். அது பழையது, நிபந்தனைகள் மாறும், இந்த வருடத்தையது வாங்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன். சொற்கொப்பியைக் கேட்டான், அதை இவள் கொடுக்கவில்லை.